மங்கின பச்சைக்கு என்ன எண்?

இலங்கையின் கல்முனைப் பக்கத்து அச்சகங்களில் கலியாணக் கார்ட் அடிக்க வருகிறவர்கள் கணினித் திரையைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இந்தப் பச்சை கூடிப் போச்சு தம்பி, கொஞ்சம் மங்கலாக்கித் தாங்க.” சிவப்பில் 37ஐக் கூட்டு, நீலத்தில் 21ஐக் கூட்டு என்று எவரும் கேட்பதில்லை. கணினிக்கோ அந்த எண்களை விட்டால் வேறெதுவும் விளங்காது. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று பேசுவதுதான் நிறத்தெரிவி. படம் வரையும் எந்த மென்பொருளிலும் நிறத்தை அழுத்தியதும் திறக்கிற அந்தச் சிறு சன்னலுக்குள், முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அறிவியல் குடியிருக்கிறது.

திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சின்ன ஒளிகள். ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை கூட்டிக் குறைக்கலாம். பெருக்கிப் பார்த்தால் 1,67,77,216 சேர்க்கைகள். மூன்று ஒளிகளே போதுமென்பதற்குக் காரணம் நம் கண்தான்: விழித்திரையில் நிறம் பிரித்தறியும் கூம்புக் கலங்கள் மூன்று வகையே. திரை அந்த மூன்றையும் தேவையான அளவுக்குத் தூண்டிவிட்டால் மூளை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கோடிக்கு மேற்பட்ட நிறங்களில் ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது? 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஷூப் ‘சூப்பர்பெயின்ட்’ என்ற வரைகருவியை உருவாக்கியபோது இந்தக் கேள்வி நேரடியாகவே எழுந்தது. அங்கே சேர்ந்த அல்வி ரே ஸ்மித், ஓவியர்கள் பேசும் முறையையே கணக்காக்கினார். என்ன நிறம், எவ்வளவு செறிவு, எவ்வளவு ஒளிர்வு: இந்த மூன்று கேள்விகள்தான் அவருடைய மூன்று அச்சுகள். 1978இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பின்னாளில் பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

கணக்கு அழகானது. கார்ட்டில் உள்ள பச்சை 46, 139, 87 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் பெரிய எண் 139. 255இல் அது 55 வீதம், அதுதான் ஒளிர்வு. பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம் 93. அதை 139ஆல் வகுத்தால் 67 வீதம், அதுதான் செறிவு. நடுவில் உள்ள எண் எங்கே நிற்கிறது என்பதை வைத்து நிறம் 146 பாகை என்று வருகிறது. இப்போது ‘மங்கலாக்குங்க’ என்றால் செறிவை மட்டும் 40 வீதத்துக்கு இறக்கினால் போதும். விடை 83, 139, 108. பச்சை அசையவே இல்லை. சிவப்பு 37 கூடியது, நீலம் 21 கூடியது. வாடிக்கையாளர் ஒரே சொல்லில் கேட்டது, எண்களில் இரண்டு வெவ்வேறு நகர்வுகள்.

நிறத்தை ஏன் பாகையில் அளக்கிறோம்? நிறம் ஒரு வட்டம் என்பதால். வானவில்லில் சிவப்பு ஒரு கரையிலும் ஊதா மறுகரையிலும் கிடக்கின்றன. அந்த இரு நுனிகளையும் இழுத்து வளைத்துச் சேர்த்தவர் நியூட்டன், 1704இல் வெளியான தன் ஒளியியல் நூலில். சேர்ந்த இடத்தில் பிறந்தது மெஜந்தா. எந்தத் தனி அலைநீளத்துக்கும் சொந்தமில்லாத, கண்ணும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் நிறம். நியூட்டன் இன்னொன்றும் செய்தார்: வட்டத்தை ஏழாகப் பிரித்தபோது பங்குகளைச் சுரங்களின் இடைவெளி விகிதத்தில் அளந்தார்.

சுரங்களை வட்டத்தில் நிறுத்திக் கணக்கிட்ட இன்னொரு பெரிய மனிதர் கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் பிறந்தவர். சுவாமி விபுலாநந்தர், 1892இல் பிறந்த விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகார இசைக் குறிப்புகளை விகிதங்களால் அவிழ்த்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. பன்னிரு இராசி வீடுகளில் ஏழு சுரங்களை வைக்கும் வட்டப்பாலை அதன் மையங்களில் ஒன்று. அவரையும் நியூட்டனையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கிறது. முதல் சுரமான குரலிலிருந்து ஐந்தாம் சுரமான இளி, இளியிலிருந்து அடுத்தது என்று 3/2ஆல் பன்னிரண்டு முறை பெருக்கிப் போனால், 2ஐ ஏழு முறை பெருக்கி வரும் 128இல் மூட வேண்டிய வட்டம் 129.7இல் போய் நிற்கும். இசை வட்டம் மயிரிழையில் மூடாமல் போகிறது. நிற வட்டமோ பிசகின்றி மூடிக்கொள்கிறது, ஏனென்றால் அதை மூடுவது இயற்கையல்ல, நம் மூளை.

வட்டம் விளங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. நிறத்தெரிவியை எழுதுகிறவர் சந்திக்கும் முதல் பொறி கறுப்பு. செறிவு குறுக்கேயும் ஒளிர்வு மேல்நோக்கியும் ஓடும் நிறச் சதுரத்தின் அடிவரி முழுவதும் கறுப்பு. எண்கள் 0, 0, 0. பச்சையைச் சுட்டியால் அங்கே இழுத்துவிட்டு மறுபடி மேலே கொண்டுவந்தால் சில மென்பொருள்களில் பச்சை சிவப்பாகிவிடும். மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்து, பாகையை ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்து திரும்பக் கணிப்பதால் வரும் வினை அது. கறுப்புக்குப் பாகை கிடையாது; கணினி 0 என்று எடுத்துக்கொள்ளும், 0 என்றால் சிவப்பு. ஆகவே பாகை, செறிவு, ஒளிர்வு மூன்றையுமே மூலமாகச் சேமிக்க வேண்டும். எண்களைப் பயனர் தன் கையால் தட்டினால் மட்டும் திரும்பக் கணிக்க வேண்டும். தெரிவுசெய்த இடத்தைக் காட்டும் குட்டி வளையத்துக்கும் கறுப்பில் ஒரு கோடு, வெள்ளையில் ஒரு கோடு போட்டால்தான் எந்த நிறத்தின் மேலும் அது தெரியும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஸ்மித்தின் கணக்கில் முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே 100 வீத ஒளிர்வு. திரையில் அளந்தால் மஞ்சள் வெள்ளையின் 93 வீத வெளிச்சத்தைத் தருகிறது, நீலம் 7 வீதத்தை. மஞ்சள் பின்னணியில் எழுத்து வைத்து, பின்னணியை ‘அதே ஒளிர்வுள்ள’ நீலமாக்கினால் கறுப்பு எழுத்து மூழ்கிப்போகும். கண் உணரும் வெளிச்சத்தையே அச்சாக்கும் முயற்சி 1976இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழுவின் ‘லேப்’ முறையில் வந்தது. 2020இல் பியோர்ன் ஒட்டொசொன் அதைச் சீர்செய்து ‘ஓக்லேப்’ என வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதன்மேல் நிறத்தெரிவியையும் கட்டினார். இன்று புதிதாக எழுதுகிறவர் அதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் முடிவு.

கல்முனைக்கு வடக்கே மருதமுனைக் கைத்தறி நிறத்தெரிவியிடம் இன்னும் அதிகம் கேட்கும், ஏனென்றால் நெசவில் ஒரு நூலின் நிறம் தனித்து நிற்பதில்லை. 1824இல் பாரிஸின் கோபெலின் நெசவாலைச் சாயப்பகுதிக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்தார். சாயத்தில் பிழை இருக்கவில்லை. அருகில் இருந்த நூலின் நிறமே கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் அதைப் பெரும் நூலாக்கினார். நிறத்தெரிவியின் சன்னலைச் சாம்பலாக வைப்பது நல்லது என்பது இதனால்தான்; பழைய நிறமும் புதிய நிறமும் இடைவெளியின்றி ஒட்டிநின்றால் சிறு வித்தியாசமும் தெரியும்.

தறியில் நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம். தூரத்திலிருந்து பார்க்கும் கண் இரண்டையும் கலந்து மூன்றாவதைக் காண்கிறது. குழல் விளக்கின் கீழ் ஒத்துப்போன இரண்டு நூல்கள் வெயிலில் பிரிந்து தெரியலாம், ஏனென்றால் திரையைப் போல நூல் தானே ஒளி தருவதில்லை, தன்மேல் விழும் ஒளியையே திருப்புகிறது; விளக்கு மாறினால் அந்த ஒளியும் மாறும். எனவே சாரத்துக்கும் சேலைக்கும் நிறம் தெரிவுசெய்யும் ஒரு செயலி எழுதினால், ஒற்றைச் சதுரத்தில் நிறத்தைக் காட்டுவது போதாது. பாவுக்கு ஒரு பெட்டி, ஊடைக்கு ஒரு பெட்டி, நடுவே இரண்டும் பின்னிய துணித்துண்டு, அதன் ஓரத்தில் கரை. மேலே வெயில், குழல் விளக்கு என இரண்டு பொத்தான்கள். சாயமிட்ட ஒவ்வொரு நூலும் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று ஒருமுறை அளந்து வைத்தால், அந்தப் பொத்தான்கள் மெய்யாகவே வேலை செய்யும்.