டாக்டருக்குக் காதலா? பழைய ரசிகர்கள் கோபம்!

"டாக்டர் ஹூ" என்பது பிரிட்டிஷ் டெலிவிஷன் தொடர். 1963-ல் தொடங்கியது. டாக்டர் வேற்று உலகவாசி. நீல நிறப் போலீஸ் பெட்டியில் ஏறிக் காலத்தையே கடந்து போவார்! முதல் டாக்டர் நரைத்த தலைக் கிழவர். கூடவே ஒரு பேத்தி.

1989-ல் நின்ற தொடர், 2005-ல் புது டாக்டருடன் திரும்பி வந்தது. ரோஸ் என்ற கடைப் பெண் அவருடன் புறப்பட்டாள். 2006-ல் நார்வே கடற்கரையில் பிரியும்போது, தன் காதலை அழுதுகொண்டே சொன்னாள். அவர் பதில் சொல்வதற்குள் உருவம் மறைந்துவிட்டது.

பலர் உருகினார்கள். பழைய ரசிகர்களுக்கோ எரிச்சல்!

காதல் வாடையே இல்லாத தொடரா அது? இல்லை. 1964-ல் வந்த கதையில், கிழட்டு டாக்டர் ஓர் அஸ்டெக் மாதுக்குக் கோகோ கலந்து கொடுத்தார். அந்த ஊரில் அதுவே நிச்சயதார்த்தமாம்! மனுஷர் திகைத்துப் போனார்.

அது வேடிக்கை. இது வேறு என்கிறார்கள் பழைய ரசிகர்கள். முன்பு உடன் சென்ற பெண்கள் புது உலகங்களைப் பார்த்தார்கள். இப்போது டாக்டர் முகத்தையே பார்க்கிறார்கள் என்பது அவர்கள் குறை.

அதில் நியாயம் இருக்கிறது. 2007-ல் வந்த மார்த்தா மருத்துவ மாணவி, கெட்டிக்காரி. அவளையும் ஏங்க வைத்துவிட்டார்கள்! மறு ஆண்டு டோனா வந்தாள். காதல் இல்லை. டாக்டரையே அதட்டினாள், அவரும் கேட்டுக்கொண்டார்.