மடங்கிய மூலை: மூன்று சீட்டு மோசடியின் அறிவியல்

மூன்று சீட்டு ஆட்டத்துக்கு முதலீடு மிகக் குறைவு. கவிழ்த்த அட்டைப் பெட்டி ஒன்று, மூன்று சீட்டுகள், கூட்டத்தோடு கூட்டமாக நிற்க நான்கைந்து கூட்டாளிகள். பேருந்து நிலையம், சந்தை, திருவிழா என்று ஆள் நடமாட்டம் உள்ள எந்த இடத்திலும் ஒரு நிமிடத்தில் கடை விரிக்கலாம். போலீஸ் தலை தெரிந்தால் அதைவிட வேகமாகச் சுருட்டலாம். ஒரு சிவப்பு ராணி, இரண்டு கறுப்புச் சீட்டுகள். மூன்றையும் காட்டிவிட்டு, குப்புறப் போட்டு, இடம் மாற்றுவார் ஆட்டக்காரர். ராணி எது என்று சரியாகத் தொட்டவருக்குக் கட்டிய பணம் இரட்டிப்பாகத் திரும்பும் என்பது பேச்சு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிசிசிப்பி நதிப் படகுகளிலும் ரயில்களிலும் இதையே முழுநேரத் தொழிலாக நடத்தினார்கள். 'கனடா பில்' என்று அறியப்பட்ட வில்லியம் ஜோன்ஸ் அதில் பேர்போனவர்.

ஆட்டத்தின் கைவித்தை எளிமையானது. ஆட்டக்காரரின் ஒரே கையில் இரண்டு சீட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழே இருப்பது ராணி. கையை வீசும்போது கீழ்ச்சீட்டுதான் முதலில் விழும் என்று பார்ப்பவரின் மூளை முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. விழுவதோ மேல்சீட்டு. அந்தக் கணத்திலிருந்து அவர் தவறான சீட்டை மிகக் கவனமாகப் பின்தொடர்கிறார்.

இந்த வித்தை மட்டும் இருந்தால் தொழில் ஓடாது. முதலில் வழிப்போக்கரை நிற்க வைக்க வேண்டும். 1969இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கின் 42ஆம் தெருவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரை மட்டும் நடைபாதையில் நிறுத்தி, மேலே ஒரு ஜன்னலைப் பார்க்கச் சொன்னபோது, கடந்துபோனவர்களில் நூற்றுக்கு 4 பேர் நின்றார்கள். 15 பேரை நிறுத்தியபோது 40 பேர் நின்றார்கள். பெட்டியைச் சுற்றி நிற்கும் கூட்டாளிகள் செய்வதும் இதைத்தான். அவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் ஜெயித்து, பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைப்பதை வழிப்போக்கர் தன் கண்ணாலேயே பார்க்கிறார்.

அடுத்து நடப்பதுதான் இந்த மோசடியின் உயிர். ஆட்டக்காரர் எதற்கோ முகத்தைத் திருப்புகிறார். பக்கத்தில் நிற்பவர் சட்டென்று ராணியை எடுத்து, அதன் மூலையை லேசாக மடக்கி, வழிப்போக்கரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். இனி ராணியைக் கண்டுபிடிக்கத் திறமையே வேண்டாம். மடங்கிய மூலையைத் தொட்டால் போதும். ஆனால் சீட்டை வீசும்போதே ஆட்டக்காரர் ராணியின் மடிப்பை நிமிர்த்தி, ஒரு கறுப்புச் சீட்டின் மூலையை மடக்கியிருப்பார். வழிப்போக்கர் தப்பித் தவறிச் சரியான சீட்டைத் தொட்டாலும் பயனில்லை. ஒரு கூட்டாளி அவரைவிடக் கூடுதலாகப் பணம் கட்டுவார், அந்தப் பந்தயம் மட்டுமே செல்லும். அதுவும் முடியாவிட்டால் "போலீஸ்!" என்று ஒரு குரல் கேட்கும், பெட்டி காலில் உதைபடும்.

இங்கே காட்டப்படுவது பண ஆசை மட்டுமல்ல. அடுத்தவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற நினைப்பைத் தூண்டுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோவும், பிபிசிக்காக மோசடிகளை நடித்துக் காட்டிய பால் வில்சனும் 2011இல் இத்தகைய ஏமாற்றுகளை ஏழு கோட்பாடுகளாக வகுத்தார்கள். ஏமாறுபவரையே சிறிய அளவில் நேர்மை தவற வைப்பது அவற்றுள் ஒன்று. மடங்கிய மூலையை நம்பிப் பணம் கட்டியவர், ஆட்டக்காரரை ஏமாற்ற முயன்றவராகிவிடுகிறார். பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

மூளையின் போக்கும் மோசடிக்காரருக்குச் சாதகம். பணம் கைக்கு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையின் ஆழத்தில் உள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதி கிளர்ச்சி அடைவதை 2001இல் பிரையன் நட்சன் குழுவினரின் ஸ்கேன் ஆய்வு காட்டியது. இழக்கத் தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசம். உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: 3,000 நிச்சயமாக இழப்பதா, அல்லது 4,000 இழப்பதற்கு 80 சதவீத வாய்ப்பும் எதையும் இழக்காமலிருக்க 20 சதவீத வாய்ப்பும் உள்ள பந்தயமா? நூற்றுக்கு 92 பேர் பந்தயத்தையே தேர்ந்தெடுத்தார்கள். போனதை மீட்க மோதிரத்தைக் கழற்றுபவரை முட்டாள் என்று சொல்வது எளிது; ஆனால் அந்த இடத்தில் பெரும்பாலோர் மனம் அப்படித்தான் சாய்கிறது.

தமிழ்நாட்டில் 'ரைஸ் புல்லிங்', 'இரிடியம் கலசம்' என்ற பெயர்களில் நடக்கும் மோசடி இதே அமைப்பின் பெரிய வடிவம். இடி தாக்கிய பழைய செம்புக் கலசம் இரிடியமாகி அரிசியை இழுக்கிறது, அதை வெளிநாட்டு நிறுவனம் கோடிகளுக்கு வாங்கும் என்பது கதை. அரிசியில் இரும்புத்தூளை ஏற்றி, கலசத்துக்குள் காந்தத்தை மறைத்தால் காட்சி தயார். இரிடியம் உண்மையிலேயே விலை உயர்ந்த, அரிய உலோகம்தான். ஆனால் அதற்கு அரிசியை இழுக்கும் குணம் கிடையாது. செம்பின் அணு எண் 29, இரிடியத்தின் அணு எண் 77. ஒன்றை இன்னொன்றாக்க அணுக்கருவையே மாற்ற வேண்டும், அது மின்னலால் ஆகாது. இதற்கிடையே சோதனைச் செலவு, விஞ்ஞானிக்குக் கட்டணம், முன்பணம் என்று லட்சங்கள் கைமாறிவிடும்.

இங்கேயும் மடங்கிய மூலை உண்டு. விஷயம் அரசாங்கத்துக்குத் தெரியக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைப்பார்கள். பணம் போன பிறகு, தானும் குற்றத்தில் பங்காளி என்று அஞ்சி ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. 'பேராசை பெருநஷ்டம்' என்று ஊரார் சொல்வது அந்த வாயை இன்னும் இறுக்கிப் பூட்டுகிறது. இதனால் லாபம் அடைவது மோசடிக் கும்பல் மட்டுமே. இத்தகைய புகார்களைக் காவல்துறை மோசடி வழக்குகளாகப் பதிந்து பலரைக் கைது செய்திருக்கிறது. பணம் கொடுத்த தேதி, கைமாறிய விதம், பேசிய தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பவர்களின் புகார் விசாரணைக்கு வலுச் சேர்க்கிறது.