வேட்டைக் காட்டில் ஓர் இரவு

மல்லேஸ்வரத்தில் வாழ்வோர் நாள்தோறும் காட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றனர். இப்பகுதிக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் ஆலயம், தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜியின் காலத்தோடு, அதாவது 17ஆம் நூற்றாண்டோடு, தொடர்புடையது. கன்னடத்திலும் தமிழிலும் காடு காடேதான். 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின்னர், நெரிசலான பேட்டைகளை விட்டு மக்கள் இங்கே குடியேறினர். காடு இறைவனின் பெயரில் மட்டும் எஞ்சியது. மெய்யான காட்டைக் காண விரும்புவோர் இன்று தெற்கே ஏறத்தாழ 220 கி.மீ. செல்ல வேண்டும். சம்பிகே சாலையின் பூக்கடைகள் விழிக்குமுன் நாம் பந்திப்பூருக்குப் புறப்பட்டோம்.

மைசூரில் சிற்றுண்டி, நஞ்சன்கூட்டில் கபிலை நதிக்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் தரிசனம். குண்டல்பேட்டையைக் கடந்ததும் வயல்கள் பின்வாங்குகின்றன; நீலகிரியின் நிழலுருவம் எதிரே எழுகிறது. மழைக்காலத்தில் இவ்வழியே வருவோருக்குச் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்த வயல்கள் தனி விருந்து.

பந்திப்பூர், மைசூர் உடையார் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்தது. அரண்மனை விருந்தினரும் ஆங்கிலேய அதிகாரிகளும் புலி வேட்டைக்கு வந்த காடு இது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் காலத்தில், 1931ஆம் ஆண்டு, இதில் 90 சதுர கி.மீ. பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. அருகிலுள்ள கோபாலசுவாமி மலையில் குழலூதி நிற்கும் வேணுகோபாலரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அடுத்த மன்னர் ஜெயசாமராஜ உடையார், 1952இல் அமைந்த இந்திய வனவிலங்கு வாரியத்தின் முதல் தலைவரானார். வேட்டைக்காரர் மரபினர் ஒருவரே காவலர்களின் தலைவரானது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு தொடங்கிய புலிகள் காப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் இடம்பெற்றது. இன்று அதன் பரப்பு 860 சதுர கி.மீ.க்கும் மேல்.

கொல்வதற்கென்று ஒதுக்கி வைத்ததால் பிழைத்த காடு என்றே இதனைச் சொல்ல வேண்டும். ஒதுக்கி வைத்ததற்கு விலையும் உண்டு. காட்டுக்குள் தேனெடுத்து வாழ்ந்த ஜேனு குறும்பர் முதலிய குடிகள் பின்னாளில் வெளியேற்றப்பட்டனர். பயணக் கையேடுகள் இதனைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

வனத்துறை விடுதியின் முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் மான்களைக் கண்டோம். வேலியில்லை, கூண்டில்லை, நாற்பது புள்ளிமான்களுக்குக் குறையாது. ஒரு பெண்மான் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மீண்டும் புல்லில் முகம் பதித்தது. கொம்பில் இன்னும் மென்தோல் போர்த்திய ஆண்மான் ஒன்று வாசற்படியருகே அசைபோட்டவாறு படுத்திருந்தது. ஆண்டுதோறும் இக்கொம்புகள் உதிர்ந்து புதிதாய் முளைப்பவை. முளைக்கும் பருவத்தில் அவற்றினுள் குருதி ஓடும். ஆகவே அப்போது ஆண்மான்கள் சண்டையை நாடுவதில்லை.

இவை பழக்கப்பட்ட மான்களோ என்று வனக்காவலர் ஒருவரிடம் வினவினோம். “பழக்கம் ஏதுமில்லை, சார். புலிக்கும் செந்நாய்க்கும் மனித வாடை ஆகாது. அது மானுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் இன்னும் வரும், பாருங்கள்” என்றார்.

செந்நாய் என்றதும் ஒரு தமிழர் நினைவுக்கு வருகிறார். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிய ஏ.ஜே.டி. ஜான்சிங், 1970களின் பிற்பகுதியில் இக்காட்டில்தான் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கானுயிர்களை அவற்றின் வாழிடத்திலேயே முறையாக ஆய்ந்த இந்தியருள் முன்னோடி அவர். அவர் பின்தொடர்ந்த செந்நாய்களுக்குப் புள்ளிமானே முதன்மை இரை.

அன்று மாலை வனத்துறையின் வண்டியில் காட்டுக்குள் சென்றோம். புலி தென்படவில்லை, அதற்காக வருந்தவுமில்லை. மந்திகள் மரத்தின் உச்சியிலிருந்து இலையும் காயுமாய் உதிர்க்க, மான்கள் அடியில் நின்று பொறுக்கித் தின்றன. மேலிருப்பவை எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் கீழிருப்பவை தப்புகின்றன. இந்த உறவை அரை மணி நேரம் பார்த்திருந்தோம். நீரோடையின் ஓரத்தில் கடமான் ஒன்று தனியே நின்றது. ஆனால் வழி நெடுக உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த அச்செடி, புல் வளரும் இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. காய்ந்தால் எளிதில் தீப்பற்றும். 2019 பிப்ரவரியில் கோபாலசுவாமி மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயின் கரிய தடத்தை முதிய மரங்களின் அடியில் காண இயலும் என்றார் ஓட்டுநர்.

விடுதிக்குத் திரும்பியபோது, முற்றத்தில் ஒரு குடும்பத்தினர் குழந்தையின் கையிலிருந்த பிஸ்கட்டை மானுக்கு நீட்டிக்கொண்டிருந்தனர். வனக்காவலர் விரைந்து வந்து தடுத்தார். அந்தத் தாய்க்கு முகம் வாடியது, அன்பினால்தான் செய்தார். ஆனால் உப்பும் இனிப்பும் கண்ட மான் பின்னர் உறையையும் சேர்த்து விழுங்கும். சாலையோரம் நின்று வண்டிகளை எதிர்பார்க்கும். புலிக்கு அஞ்சி நம்மிடம் வந்தது லாரிச் சக்கரத்தில் மடியும். உணவு தருவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்குப் பின் அக்டோபர் முதல் காடு பசுமையாக இருக்கும். கோடையில் நீர்நிலைகளருகே விலங்குகளை எளிதில் காணலாம். சஃபாரி நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. சில காலங்களில் சஃபாரியே நிறுத்தப்படுவதும் உண்டு. வனத்துறையின் இணையதளத்தைப் பார்த்து முன்பதிவு செய்வது நலம். கைபேசித் தொடர்பு சீராகக் கிடைக்காது; ஆகவே சிறிது ரொக்கம் கையில் இருக்கட்டும் (வங்கி இதழில் இவ்வாறு எழுத நேர்ந்ததைப் பொறுத்தருள்க). கோபாலசுவாமி மலைக்குச் சொந்த வண்டியில் ஏற அனுமதியில்லை. அடிவாரத்திலிருந்து பேருந்து உண்டு. காட்டைக் கடக்கும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து தடுக்கப்பட்டுள்ளது. இத்தடை குறித்து வணிகர்களுக்கும் வெளியூர் செல்வோருக்கும் குறை உண்டு. அவ்விரவில் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த நமக்கு அதன் பயன் புரிந்தது.

ஒன்பது மணி அடித்ததும் லாரிகளின் ஓசை ஒவ்வொன்றாய் அடங்கியது. வனக்காவலர் சொன்னவாறே மான்கள் மேலும் வந்து சேர்ந்தன, முற்றம் நிறைந்தது. நள்ளிரவு கடந்து, காட்டுப்பக்கம் கூர்மையான ஒரு குரல் எழுந்தது. மீண்டும் ஒருமுறை. நாம் கதவருகே வந்து பார்த்தோம். படுத்திருந்தவையெல்லாம் எழுந்து நின்றன. காதுகள் விறைத்திருந்தன, ஒரு முன்கால் தரையைத் தட்டியது. அத்தனை மான்களும் இருண்ட மரங்களையே நோக்கின. பத்தடி தொலைவில் நின்ற நம் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.