நின்று மீன்பிடிப்பதற்கான மிதி கயாக்

மிதி கயாக் என்பது கையால் துடுப்புப் போடுவதற்குப் பதிலாகக் காலால் மிதித்து ஓட்டப்படும், பெரும்பாலும் ஒருவர் மட்டும் செல்லக்கூடிய சிறு படகு ஆகும். இரண்டு கைகளும் தூண்டிலுக்குக் கிடைப்பதால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பொழுதுபோக்காக மீன்பிடிப்போர் இதை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். இவற்றுள் சில, ஓட்டுபவர் எழுந்து நின்று தூண்டில் வீசும் அளவுக்கு அகலமாக அமைக்கப்படுகின்றன. அவ்வாறான கயாக்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அதன் நிலைப்புத்தன்மை. விலையும் வேகமும் வசதிகளும் அதற்குப் பின்னரே வரும்.

நிலைப்புத்தன்மை என்பது கயாக்கின் பண்பு மட்டுமன்று. ஏறி நிற்பவரின் உயரம், எடை, சுமையை வைக்கும் இடம், அன்றைய அலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதை முடிவுசெய்கின்றன. ஒருவர் அசையாமல் நின்ற அதே கயாக்கில் இன்னொருவர் எழுந்தவுடன் கவிழ்ந்து விழக்கூடும்.

தோற்றம்

கயாக், வட துருவப் பகுதியில் வாழும் இனுவிட், அலியூட் முதலிய மக்களின் வேட்டைப் படகாகும். கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் செய்து, அதன்மேல் சீல் முதலிய கடல் விலங்குகளின் தோலைப் போர்த்தி அதை உருவாக்கினர். அது ஒடுக்கமானது. வேட்டையாடுபவர் அதனுள் கால்களை நீட்டி உட்கார்ந்தே செல்வார். நிற்பதற்கென்று அது அமைக்கப்படவில்லை.

1970களில் கலிபோர்னியாவில் டிம் நீமியர் என்பவர், உள்ளே நுழைந்து உட்காராமல் மேற்பரப்பில் அமர்ந்து செல்லும் கயாக்கைப் பரவலாக்கினார். கட்டுமரத்தின் மேல் அலை ஏறினாலும் தண்ணீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். அதைப் போலவே இவ்வகைக் கயாக்கின் தளத்தில் விழும் நீர், அதிலுள்ள துளைகளின் வழியே தானே வெளியேறிவிடும். இன்றைய மீன்பிடி மிதி கயாக்குகளுள் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. 1997இல் ஹோபி நிறுவனம் 'மிராஜ் டிரைவ்' என்னும் மிதி இயக்கியை அறிமுகப்படுத்தியது. பின்னர் நேட்டிவ் வாட்டர்கிராஃப்ட், ஓல்ட் டவுன் முதலிய நிறுவனங்களும் தம் இயக்கிகளுடன் வந்தன.

நின்று மீன்பிடிப்பதன் பயன்

தாழ உட்கார்ந்து நீரைப் பார்க்கும்போது வானத்தின் பிரதிபலிப்பே கண்ணில் படும். நின்றால் பார்வை கூடுதல் சாய்வுடன் நீருக்குள் இறங்கும், பிரதிபலிப்பு குறையும். ஒளியை வடிகட்டும் போலராய்டு கண்ணாடியும் அணிந்தால், ஆழமில்லாத நீரில் மீன் நகர்வதைக் காணலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் கரையோரத்தில் உள்ள லகுனா மாட்ரே என்னும் நீண்ட காயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது. கத்தாழை மீன் குடும்பத்தைச் சேர்ந்த ரெட்ஃபிஷ் அங்கு மேயும்போது தலை கீழாகவும் வால் நீருக்கு மேலாகவும் தெரியும். நின்றுகொண்டிருப்பவர் அதைத் தொலைவிலேயே கண்டு, அதன் முன்னால் இரை விழுமாறு தூண்டிலை வீசுவார். ஆழமான நீரில் மீன்பிடிப்பவருக்கு நிற்பதால் கிடைக்கும் பயன் குறைவு. ஆகவே மீன்பிடிக்கப்போகும் இடத்தில் உண்மையிலேயே நிற்கவேண்டிய தேவை உள்ளதா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

நிலைப்புத்தன்மையின் அறிவியல்

மிதக்கும் பொருளின் எடை அதன் ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நீரின் மேல்நோக்கு விசை, இடம்பெயர்ந்த நீரின் மையமாகிய மிதப்பு மையத்தின் வழியே செயல்படுகிறது. கயாக் ஒருபுறம் சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்வதால், மிதப்பு மையமும் அப்பக்கமாக நகர்கிறது. அது ஈர்ப்பு மையத்தைத் தாண்டி வெளியே நகர்ந்தால், எடையும் மேல்நோக்கு விசையும் சேர்ந்து கயாக்கை நிமிர்த்தும். அந்த அளவுக்கு நகராவிட்டால் அதே விசைகள் கயாக்கைக் கவிழ்த்துவிடும்.

இதில் இரண்டு அளவுகள் முதன்மையானவை.

முதலாவது அகலம். சாயும்போது மிதப்பு மையம் எவ்வளவு நகரும் என்பது, நீர்மட்டத்தில் உள்ள அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. நீளமும் எடையும் மாறாமல், நீர்மட்ட அகலம் மட்டும் 70 செ.மீ.யிலிருந்து 90 செ.மீ. ஆனால், அகலம் கால் பங்கிற்குச் சற்றுக் கூடுதலாகவே அதிகரித்துள்ளது. ஆனால் அகலத்தால் கிடைக்கும் நிமிர்த்தும் திறனோ இரு மடங்குக்கும் மேலாகிறது. ஒரு கை அகல வேறுபாடு நிற்பவருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது உயரம். 170 செ.மீ. உயரமுள்ளவர் நிற்கும்போது அவரது ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து ஏறத்தாழ 95 செ.மீ. மேலே, தொப்புளை ஒட்டி இருக்கும். உட்கார்ந்தால் அது இருக்கைக்கு மேல் ஒரு சாண் அளவில் இருக்கும். இருக்கை தளத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், எழுந்து நிற்கும்போது அது 40 செ.மீ. உயர்கிறது. ஆளின் எடை 75 கிலோ, கயாக்கின் எடை 50 கிலோ, சாமான்கள் 15 கிலோ எனில் மொத்த எடையில் பாதிக்கு மேல் ஆளின் எடையே. எனவே மொத்தத்தின் ஈர்ப்பு மையமும் 20 செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். சாதாரணக் கப்பலில் சரக்கைத் தளத்தின் மேல் அடுக்கினால் வரும் ஆபத்து, கயாக்கில் ஒருவர் எழுந்து நிற்பதாலேயே வந்துவிடுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உட்கார்ந்து ஓட்டும்போது 'ஆடாமல் இருக்கிறது' என்பதை வைத்து நிற்கத் தகுந்தது என்று முடிவுசெய்யக் கூடாது என்பது விளங்கும்.

அடிப்பகுதியின் வடிவம்

ஒரே அகலமுள்ள இரு கயாக்குகள்கூட அடிப்பகுதியின் வடிவத்தால் வேறுபடும்.

தட்டையான அடி: அமைதியான நீரில் மிக உறுதியாக இருக்கும். ஆனால் அது நீர்ப்பரப்போடு ஒட்டியே சாயும் என்பதால், பக்கவாட்டில் உயரமான அலை வந்தால் நிற்பவரையும் சேர்த்துச் சாய்க்கும்.

உருண்டை அடி: நிற்பவருக்கு எப்போதும் ஆடுவது போல் தோன்றும். வேகத்துக்கு ஏற்றது, நிற்பதற்கு ஏற்றதன்று.

இரட்டை அடி: நடுவில் பள்ளமும் இரு ஓரங்களில் மிதவை போன்ற பகுதிகளும் கொண்டது. மிதப்பு ஓரங்களில் குவிவதால், காலை ஓரமாக வைத்தாலும் எளிதில் சாயாது. நீரில் உராய்வு கூடுவதால் வேகம் சற்றுக் குறையும். இரட்டை உடல் கொண்ட படகை ஆங்கிலத்தில் குறிக்கும் 'கேட்டமரான்' என்னும் சொல் தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்தே தோன்றியது.

சிறிதளவு சாயும்போது கிடைக்கும் உறுதியைத் தொடக்க நிலைப்பு என்றும், பெரிதும் சாய்ந்த பிறகும் கவிழாமல் தாங்குவதை இறுதி நிலைப்பு என்றும் பிரித்துக் கூறுவர். குளம், காயல் போன்ற அமைதியான நீரில் நிற்பவருக்குத் தொடக்க நிலைப்பு முதன்மையானது. அலையுள்ள இடத்துக்குச் செல்பவர் இறுதி நிலைப்பையும் பார்க்க வேண்டும். அங்கு உட்கார்ந்தே மீன்பிடிப்பது பாதுகாப்பானது.

மிதி இயக்கியின் வகைகள்

செட்டை வகை: கயாக்கின் அடியில் இரண்டு செட்டைகள் பெங்குவினின் செட்டைகளைப் போல இடமும் வலமுமாக அசைந்து தள்ளுகின்றன. ஓட்டுபவர் மிதிகளை மாறிமாறி முன்னே தள்ளுவார். ஒரு மிதியை முழுவதும் முன்னே தள்ளினால் செட்டைகள் அடிப்பகுதியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆழம் குறைந்த இடத்தையும் கடக்கலாம். முதலில் வந்த வடிவம் முன்னோக்கி மட்டுமே செல்லும். பின்னர் வந்த வடிவங்களில் பின்னோக்கிச் செல்லும் வசதியும் சேர்க்கப்பட்டது.

சுழல்விசிறி வகை: மிதிவண்டியைப் போல வட்டமாக மிதிக்க, பல்சக்கரங்களின் வழியே அடியிலுள்ள விசிறி சுழலும். பின்னோக்கி மிதித்தால் கயாக் பின்னே செல்லும். விசிறி அடியிலிருந்து கீழே நீண்டு நிற்பதால் கூடுதல் ஆழம் வேண்டும். தரை தட்டும் இடங்களில் அதை மேலே தூக்கிவிட வேண்டும்.

இரண்டு வகையிலும் நீர்ப்பாசி சிக்கக்கூடும். நின்று மீன்பிடிப்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மிதிகள் இருக்கும் இடம். அவை இருக்கைக்கு முன்னால், நிற்கும் தளத்துக்கு அருகிலேயே உள்ளன. தூண்டில் நரம்பு அவற்றில் மாட்டிக்கொள்ளும், காலும் தடுக்கும். இயக்கியை எளிதில் மடக்கவோ கழற்றவோ முடிகிறதா, அதன் பின் எஞ்சும் தளத்தில் இரு கால்களையும் தோள் அகலத்துக்கு விரித்து நிற்க இடம் உள்ளதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

விவரப் பட்டியலைப் படிக்கும் முறை

அகலம்: நின்று மீன்பிடிக்க விற்கப்படும் மிதி கயாக்குகள் பெரும்பாலும் 85 செ.மீ.க்கு மேல் அகலமுள்ளவை. எடுத்துக்காட்டாக, ஹோபியின் புரோ ஆங்லர் 12 ஏறத்தாழ 91 செ.மீ., புரோ ஆங்லர் 14 ஏறத்தாழ 97 செ.மீ. அகலமுள்ளவை. பட்டியலில் தரப்படுவது மேல் விளிம்பின் மிகை அகலம். அந்த அகலம் நீர்மட்டத்திலும் இருக்கிறதா, நிற்கும் இடத்தில் இருக்கிறதா, நடுவில் மட்டும் இருந்து முனைகளை நோக்கி விரைவில் குறுகிவிடுகிறதா என்பதை நேரில்தான் காண முடியும்.

சுமைத்திறன்: அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளில் சுமை அளவைக் குறிக்கும் தகடு பொருத்தவேண்டும் என்ற விதி கயாக்குகளுக்குப் பொருந்தாது. ஆகவே கயாக்கின் சுமைத்திறன் தயாரிப்பாளர் தாமே கூறும் அளவாகும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது பலரும் பின்பற்றும் முறை. ஆள், உடை, தூண்டில்கள், பனிக்கட்டிப் பெட்டி, மின்கலம், மிதி இயக்கி ஆகிய அனைத்தையும் கூட்டியே கணக்கிட வேண்டும்.

இருக்கை: இரு உயரங்களில் பொருத்தக்கூடிய இருக்கை நல்லது. உயரமான நிலையிலிருந்து எழுவது முழங்காலுக்கு எளிது. அலை கூடினால் தாழ்வான நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எடை: அகலம் கூடினால் எடையும் கூடும். இயக்கியும் இருக்கையும் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும் கயாக்குகள் பல. தனியாக வண்டியில் ஏற்றி இறக்க முடியாத கயாக் வீட்டிலேயே கிடக்கும். சக்கரத் தள்ளுவண்டியோ இழுவை வண்டியோ தேவைப்பட்டால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உட்பகுதி: மூடிகளின் வழியே உள்ளே நீர் புகுந்தால், கயாக் சாயும் பக்கமெல்லாம் அந்த நீரும் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். மூடிகளின் ரப்பர் விளிம்பும் வடிகால் அடைப்பும் இறுக்கமாக உள்ளனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் செய்யும் சோதனை

கடையின் தரையில் வைத்த கயாக்கில் ஏறி நிற்பது சோதனையாகாது. உயிர்காப்பு அங்கி அணிந்து, பாறையில்லாத, இடுப்புக்கு மேல் ஆழமுள்ள அமைதியான நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பின்வரும் வரிசையில் செய்து பார்க்கலாம்.

1. வழக்கமாக எடுத்துச்செல்லும் எடைக்கு ஈடான சுமையை ஏற்றி, உட்கார்ந்தபடி இருபுறமும் சாய்ந்து பார்த்தல்.
2. கால்களைக் கீழே ஊன்றி, முன்னே குனிந்து, மெதுவாக எழுதல். பிடித்து எழுவதற்கான பட்டை பயன்படுகிறதா எனக் காணுதல்.
3. முழங்காலைச் சற்றே மடக்கி நின்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தல். பலர் தடுமாறுவது இங்கேதான்.
4. தூண்டில் வீசுவது போலவும், பக்கவாட்டில் மீனைத் தூக்குவது போலவும் அசைதல்.
5. வேண்டுமென்றே நீரில் விழுந்து, பக்கவாட்டிலிருந்து மீண்டும் ஏறுதல். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்திப் பார்த்தல்.

கடைசிச் சோதனையே மிக முக்கியமானது. நிமிர்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும் அகலமான கயாக், தலைகீழாகிவிட்டால் அப்படியே உறுதியாகத் தலைகீழாகவே கிடக்கும். தனியாக அதைப் புரட்ட முடியாதவர், அந்தக் கயாக்கில் கரையை விட்டுத் தனியே விலகிச் செல்லக் கூடாது.

பாதுகாப்பு

அமெரிக்கக் கடலோரக் காவல் படை வெளியிடும் ஆண்டறிக்கைகளின்படி, பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் மூழ்கி இறப்போரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் உயிர்காப்பு அங்கி அணியாதவர்கள். அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது. நிற்பவர் விழுவது ஒரு நொடியில் நிகழ்வதால் அதை அணிந்தே இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் காற்று இதமாக இருந்தாலும் நீர் மிகக் குளிர்ந்திருக்கும். திடீரென அதில் விழுபவருக்கு மூச்சுத் திணறல் ஏற்படும் என்பதால், உடையை நீரின் வெப்பநிலைக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிதி இயக்கி பழுதானால் கரை சேரத் துடுப்பு ஒன்றும், உதவிக்கு அழைக்க ஊதலும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். காற்று வலுத்தால், அலை பக்கவாட்டில் வரத் தொடங்கினால், உடல் களைத்தால் உட்கார்ந்துவிடுவதே முறை.