வாடகை வீட்டில் சமையல் எரிவாயு: ஆண்டுக்கொருமுறை யார் பார்ப்பது?

சமையலறைத் தீ விபத்தில் காயமடைந்து வருபவரின் குடும்பத்தாரிடம், எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாயை எப்போது மாற்றினீர்கள் என்று நாங்கள் கேட்பதுண்டு. சொந்த வீட்டில் இருப்பவர் சற்று யோசித்தாவது ஓர் ஆண்டைச் சொல்வார். வாடகை வீட்டில் இருப்பவர் பலரிடமிருந்து வரும் பதில், "நாங்கள் குடிவந்தபோதே இருந்தது" என்பதாகும். வீட்டு உரிமையாளரைக் கேட்டால், அது குடியிருப்பவரின் பொருள் என்பார். இருவருக்கும் இடையில் அந்தக் குழாய் கவனிப்பாரற்று முதுமையடைகிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்று வாடகைக் குடியிருப்புகள் மிகுந்துவிட்டன. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர், அரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்து வாழும் மாணவர்கள், ஊழியர்கள், நீண்ட சிகிச்சைக்காக நோயாளியுடன் வந்து தங்கும் குடும்பங்கள் எனப் பலரும் கிராமத்து மாடி வீடுகளிலும் ஒற்றை அறைகளிலும் சமைத்து உண்கின்றனர். இவர்களும் இவர்களுக்கு வீடு தருபவர்களும் ஆண்டுக்கு ஒரு நாள் சேர்ந்து செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றியே இக்கட்டுரை.

எரிவாயுவின் இயல்பு

நம் வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ புரோப்பேன், பியூட்டேன் கலவை அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்பட்டுள்ளது. வெளியேறும்போது இத்திரவம் ஏறத்தாழ 250 மடங்கு கன அளவுள்ள வாயுவாக விரிகிறது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே கசிந்தால் மேலெழுந்து கலைந்துபோகாமல் தரையோடு படர்ந்து, மேடைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பற்றுவதற்குப் போதுமானது. மின்விசிறியின் சுவிட்சிலோ குளிர்பதனப் பெட்டியிலோ எழும் சிறு பொறி அதைப் பற்றவைத்துவிடும்.

இயற்கையில் இவ்வாயுவுக்கு மணம் கிடையாது. கசிவை நாம் அறியும்பொருட்டே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கின்றனர். அதாவது, நம் மூக்கையே எச்சரிக்கை மணியாகக் கொண்டு இந்த ஏற்பாடு இயங்குகிறது. மூக்கு சரியாக வேலை செய்யாத வீட்டில் அந்த மணி ஒலிப்பதில்லை.

நோயாளி உள்ள வீடு

முதுமை, நாட்பட்ட சைனஸ் நோய், பார்க்கின்சன் நோய், தலைக்காயம், கோவிட் போன்ற தொற்றுகளின் பின்விளைவு ஆகியவற்றால் முகரும் திறன் குறையலாம். இக்குறை மெல்ல மெல்ல வருவதால் உரியவரே அதை உணர்வதில்லை. பகலில் தனியே இருக்கும் முதியவர்தான் வீட்டில் சமைப்பவர் என்றால், ஊதுவத்தி, காப்பித்தூள் ஆகியவற்றின் மணத்தை அவரால் அறிய முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடியவில்லையெனில், கசிவை ஒலியால் அறிவிக்கும் கருவி ஒன்றைத் தரைக்கு அருகில் பொருத்துவது நல்லது.

வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளி, எரியும் அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது என்றாலும், அது ஊறிய துணியும் தலைமுடியும் மிக விரைவில் தீப்பற்றும். ஒற்றை அறை வீட்டில் இந்த இடைவெளி கிடைக்காது. அத்தகைய வீட்டுக்கு நோயாளியை அனுப்புமுன், வீட்டின் அமைப்பை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறிவிடுங்கள்.

மணமற்ற மற்றொரு வாயு

கசிவைத் தவிர இன்னோர் ஆபத்தும் உண்டு. போதிய காற்றின்றி எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்து, உடலுக்குச் சேரவேண்டிய ஆக்சிஜனைத் தடுக்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தளர்ச்சி எனத் தொடங்கி மயக்கத்தில் முடியும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்நிலையிலும் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. கருவுற்ற பெண்ணின் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தாயைவிடக் கூடுதல் தீங்கு நேரும்.

குளியலறைக்குள் பொருத்தப்படும் கேஸ் கீசர் இதற்கு முதன்மைக் காரணம். மார்கழிக் குளிரில் சன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கும்போது நேரும் மயக்கத்தை வலிப்பு என்றோ இதய நோய் என்றோ எண்ணி அழைத்து வருகின்றனர். வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே சென்றதும் குறைந்தால் இவ்வாயுவை ஐயுறவேண்டும். வீட்டில் கேஸ் கீசர் இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடும்.

பொறுப்பு யாருடையது

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் தாம் அளித்துள்ள எரிவாயுக் கருவிகளை 12 மாதங்களுக்கு ஒருமுறை பதிவுபெற்ற வல்லுநரைக் கொண்டு சோதிக்கவேண்டும். சோதனைச் சான்றை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் தரவேண்டும். நம்மவர் பலரின் உறவினர் வாழும் பிரான்சில் பொறுப்பு இருவருக்கும் பகிரப்பட்டுள்ளது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எரிவாயு அமைப்பு உள்ள வீட்டின் உரிமையாளர் அதன் நிலை குறித்த ஆய்வறிக்கையை ஒப்பந்தத்துடன் தரவேண்டும். வெந்நீர்க் கொதிகலனின் ஆண்டுப் பராமரிப்பும் அடுப்புக் குழாயை மாற்றுவதும் பொதுவாகக் குடியிருப்பவரைச் சாரும்.

நம் நாட்டில் வீட்டு உரிமையாளரை ஆண்டுச் சோதனைக்குக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. எண்ணெய் நிறுவனங்களின் ஏற்பாட்டில், இணைப்பு உள்ள வீட்டை எரிவாயு முகமை (கேஸ் ஏஜென்சி) 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்பதே விதி. இங்கு ஒரே அடுப்புக்கு மூன்று உடைமையாளர்கள் உள்ளனர். சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைப்புத்தொகை பெற்று நிறுவனம் தந்தவை. குழாயும் அடுப்பும் இணைப்பு பெற்றவருடையவை. மேடை, சன்னல், மின்கம்பி, கீசர் பொருத்திய சுவர் ஆகியவை வீட்டு உரிமையாளருடையவை. விபத்து இந்த எல்லைகளைப் பார்த்து வருவதில்லை. மாடியில் குடியிருப்பவரின் சிலிண்டர் வெடித்தால் கீழே உறங்கும் உரிமையாளரின் குடும்பமும் தப்பாது.

ஆகவே நாங்கள் பரிந்துரைப்பது எளிய ஒரு வழக்கம். நம்மிடையே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. அதைப் புதுப்பிக்கும் நாளையே எரிவாயுச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர்கள், வீட்டை ஒழுங்குசெய்யும் போகிக்கு முந்திய வாரத்தைக் கொள்ளலாம்.

அன்று சேர்ந்து பார்க்கவேண்டியவை

1. குழாய்: ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, உள்ளே கம்பி வலையிட்ட ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாயாக இருக்கவேண்டும். அதில் அச்சிட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்றிவிடவேண்டும். வெடிப்போ எலி கடித்த தடமோ இருந்தால் உடனே மாற்றுங்கள். குழாய் 1.5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. சுவரைத் துளைத்துச் செல்லக் கூடாது. துணியால் மூடவும் கூடாது.

2. சிலிண்டர்: கைப்பிடி வளையத்தை ஒட்டிய பட்டையின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்பது மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. சி-27 என்றிருந்தால் 2027 செப்டம்பரில் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்கு உரியது. நாள் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

3. வைப்பிடம்: சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்ந்த மட்டத்தில் நிற்கவேண்டும். மேடைக்கு அடியில் கதவிட்டு வைத்தால், அக்கதவின் அடியில் காற்றுத் துளைகள் தேவை. பள்ளமான அறையில் வைக்கக் கூடாது.

4. காற்றோட்டம்: சமையலறைச் சன்னல் திறக்கிறதா? தரையை ஒட்டிக் காற்று வெளியேற வழி உண்டா? இது வீட்டு உரிமையாளர் செய்துதர வேண்டியது.

5. சுடர்: நீல நிறமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி படிந்தால் பர்னரைச் சீர்செய்யவேண்டும்.

6. கசிவு: இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு உள்ளது. தீக்குச்சியைக் கொளுத்தி ஒருபோதும் சோதிக்கக் கூடாது.

7. கீசர்: குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்துக்கு மாற்றுங்கள்.

பழுது கண்டால் முகமையின் பணியாளரையே அழையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் நீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். நீரில் மூழ்கிய சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் எதையும் சோதிக்காமல் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

முகவரியும் காப்பீடும்

வீடு மாறுபவர்கள் சிலிண்டரை வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். இணைப்பு முகவரியை மாற்ற மறந்துவிடுகின்றனர். எண்ணெய் நிறுவனங்களின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின்கீழ், எரிவாயு விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 இலட்சம் ரூபாயும், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு உண்டு. பொருட்சேதத்துக்கான 2 இலட்சம் ரூபாய் வரையிலான தொகை பதிவான முகவரியில் நேர்ந்த விபத்துக்கே உரியது. தீக்காயச் சிகிச்சை நீண்டதும் செலவு மிக்கதும் ஆகும். எனவே குடிபுகுந்தவுடன் முகவரியை மாற்றுங்கள். விபத்து நேர்ந்தால் முகமைக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

முகவரிச் சான்று இல்லாத தொழிலாளர்களும் மாணவர்களும் அடையாளச் சான்று மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டரை முறையாக வாங்கலாம். இண்டேன் நிறுவனத்தில் இதற்குச் 'சோட்டு' என்று பெயர். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு வாயுவை மாற்றி நிரப்பித் தரும் கடைகளை நாடவேண்டாம். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

கசிவு நேர்ந்தால்

அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். விளக்கு, ஊதுவத்தி எரிந்தால் அணையுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, நடக்க இயலாதவரை முதலில் வெளியேற்றுங்கள். வெளியே வந்தபின்பு கைப்பேசியில் 1906 என்ற எண்ணை அழையுங்கள். எரிவாயுக் கசிவுக்கான இவ்வுதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. தீப்பற்றினால் 101.

உடலில் தீக்காயம் பட்டால், சாதாரணக் குழாய்நீரை 20 நிமிடங்கள் காயத்தின்மீது ஓடவிடுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் அகற்றுங்கள். பேனா மை, பற்பசை, தோசை மாவு, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். இவை காயத்தின் ஆழத்தை மறைக்கும், தொற்றுக்கு வழிவகுக்கும். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108 ஊர்தியை அழையுங்கள். முகத்தில் காயமோ குரல் கரகரப்போ மூக்கில் கரியோ இருந்தால் மூச்சுக்குழல் வீங்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

தீக்காயத்தின் வடு, சுருங்கிய விரல்கள், மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சை ஆகியவற்றுடன் ஆண்டுக்கணக்கில் போராடும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். மேற்கண்ட ஏழையும் பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும். பார்த்த நாளையும் குழாயின் ஆண்டையும் ஒப்பந்தத் தாளின் பின்புறம் எழுதி, உரிமையாளரும் குடியிருப்பவரும் கையொப்பமிடுங்கள். அடுத்துக் குடிவருபவர், "நாங்கள் வரும்போதே இருந்தது" என்று சொல்லும் நிலை அத்துடன் நீங்கும்.