மேக்கப் பிரஷ்: செட்டாக வாங்கணுமா, நாலு இருந்தாலே போதுமா?

முகூர்த்த சீசன் வந்தாலே 12 பிரஷ், 24 பிரஷ் என்று செட் செட்டாக விற்பனைக்கு வந்துவிடும். வாங்கியதில் பாதி பையை விட்டு வெளியே வருவதே இல்லை. வீட்டிலேயே மேக்கப் போட்டுக்கொள்பவருக்கு நான்கு போதும்: ஒரு ஸ்பாஞ்ச், பவுடருக்குப் பெரிய பிரஷ், கண்ணிமைக்குச் சின்ன பிரஷ், புருவம் சீவ ஒரு குட்டி பிரஷ்.

எதற்கு எது?

பூசப்போவது பவுடரா, கிரீமா என்பதுதான் முதல் கேள்வி. விலங்கு முடியில் செய்த பிரஷ் பவுடரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால், ஃபவுண்டேஷன் போன்ற திரவத்தை உறிஞ்சிவிடும். நைலான் போன்ற செயற்கை இழை அந்த அளவுக்கு உறிஞ்சாது, கழுவுவதும் சுலபம். ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால் செயற்கை இழையையே வாங்கலாம்.

ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்த பிறகே பயன்படுத்தணும். காய்ந்த ஸ்பாஞ்ச் ஃபவுண்டேஷனைக் குடித்துவிடும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

பிரஷ்ஷைப் புறங்கையில் தடவிப் பாருங்கள். குத்தினாலோ, லேசாக இழுத்ததும் முடி கையோடு வந்தாலோ வேண்டாம்.

கழுவாவிட்டால் என்ன?

பயன்பாட்டில் இருந்த மேக்கப் பொருட்களை பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் பரிசோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. அதில் 93 சதவீத ஸ்பாஞ்சுகள் ஒருமுறைகூட கழுவப்படாதவை. ஈ.கோலை உள்ளிட்ட பாக்டீரியாக்களும் அந்தப் பொருட்களில் இருந்தன. ஈரம் காயாத ஸ்பாஞ்சில் கிருமி சுலபமாக வளரும். முகப்பருவோ சின்னக் காயமோ இருந்தால் தொற்று வரலாம்.

பிரஷ்களை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்க தோல் மருத்துவ அகாடமி. மைல்டு ஷாம்பூ போதும். இழைப் பகுதியை மட்டும் நனையுங்கள். கைப்பிடிக்குள் தண்ணீர் போனால் பசை விட்டு முடி கொட்டும். நிமிர்த்தி வைக்காமல், படுக்க வைத்துக் காய விடுங்கள். ஸ்பாஞ்சை டப்பாவில் மூடி வைக்காதீர்கள், கிழிந்தால் மாற்றிவிடுங்கள்.

கல்யாண வீட்டில் கவனம்!

மணப்பெண், தங்கை, அத்தை என எல்லோருக்கும் ஒரே கிட்தான் சுற்றிவரும். கண் மை, மஸ்காரா, லிப்ஸ்டிக் மூன்றையும் பகிரவே கூடாது. கண்வலி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இப்படியும் பரவும். 'ஒருமுறை பயன்படுத்தும் மஸ்காரா பிரஷ் இருக்கா? பிரஷ்ஷைக் கழுவினீங்களா?' என்று பியூட்டிஷியனிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். அது உங்கள் கண்!