தந்தையர் காத்த நினைவு

மகவைப் பறிகொடுத்த தந்தைக்கு எஞ்சும் கடமை யாது? நாசிகளின் யூதப் படுகொலையில் மனைவியையும் இரு புதல்வியரையும் இழந்தவர் ஒட்டோ பிராங்க். இளைய மகள் ஆன், ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த காலத்து எழுதிய நாட்குறிப்பை அவர் 1947இல் நூலாக வெளிவரச் செய்தார். 1980இல் மறையும்வரை அதனைப் பரப்புவதையே தம் பணியாகக் கொண்டார்.

திருகோணமலைத் துறைமுக நகரிலும் ஒரு தந்தை அக்கடமையை ஏற்றார். 2006 ஜனவரி 2ஆம் நாள், அங்கே கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவரான ரஜீகரின் தந்தை, மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன். அச்சுறுத்தலுக்கு அவர் வாய்மூடவில்லை. நாடு நீங்கிய பின்னரும் சாட்சியம் பகர்ந்தார். ஜெனீவாவிலும் நீதி கேட்டார். 2019இல், சான்று போதாதெனக் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது.

ஒட்டோவுக்கு மகளின் எழுத்து எஞ்சியிருந்தது. மனோகரனுக்கோ தம் சொல்லே துணை. கொல்லப்பட்டோர் வெறும் எண்ணிக்கையாய்க் கரைந்துபோகாது காத்தவர்கள் இத்தகைய தந்தையரே.